அமானிதமாக வந்த உடல்

நம் ஊர் மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் ஒவ்வொரு மாத்திரைக்கு எதிரேயும் மூன்று எண்களை எழுதுவார்கள். 1–0–1 என்றால் காலையும் இரவும். 1–1–1 என்றால் மூன்று வேளையும். சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் இருக்கும். காலையில் பலகாரம், மதியம் சோறு, இரவில் ஏதோ கொஞ்சம் என்று வாழும் மனிதருக்காக எழுதப்பட்ட கணக்கு அது. ரமலான் பிறை தெரிந்த இரவோடு அந்தக் கணக்கு செல்லாததாகிவிடுகிறது. விடிவதற்கு முன் ஸஹர் என்று ஒரு சாப்பாடு, பொழுது சாய்ந்தபின் ஒரு சாப்பாடு. நடுவில் 13, 14 மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. சீட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. அதை மாற்றி எழுதும் வேலையை நோயாளி தானே செய்துகொள்கிறார்.

பெரும்பாலும் அவர் செய்வது இதுதான்: காலை மாத்திரையை ஸஹரில் போட்டுக்கொள்வார், இரவு மாத்திரையை நோன்பு திறந்தபின் போடுவார், மதிய மாத்திரையை விட்டுவிடுவார். மேலோட்டமாகப் பார்த்தால் இதில் தவறு தெரியாது. ஆனால் சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடும் பலருக்கு இந்த ஏற்பாட்டில் உயிராபத்து இருக்கிறது.

கிளிமிப்ரைடு என்ற மாத்திரையை எடுத்துக்கொள்வோம். மெட்ஃபார்மினோடு சேர்த்து ஒரே மாத்திரையாக நம் ஊர்களில் பரவலாக எழுதப்படுவது. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கிறது. வயிற்றில் உணவு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. மற்ற நாட்களில் காலை மாத்திரைக்கு ஈடுகொடுக்க இட்லியும் மதியச் சோறும் இருக்கின்றன. நோன்பு நாளில் ஸஹரில் உண்டது சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதன்பின் கல்லீரல் தன்னிடமுள்ள சேமிப்பைக் கரைத்து ரத்தத்துக்குச் சர்க்கரை தரும். ஆரோக்கியமானவர் நோன்பு நோற்க முடிவதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். மாத்திரையால் இன்சுலின் மிகுந்துவிட்டால் அது கல்லீரலைச் சேமிப்பைத் திறக்க விடாது. மதியம் தாண்டி அஸர் தொழுகை நேரம் நெருங்கும்போது கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். நோன்பின் பிற்பகலில் எல்லோருக்கும் வருகிற அசதியைப் போலவே இதுவும் தொடங்குவதால், ‘நோன்புக் களைப்பு, கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்’ என்று அவர் படுத்துக்கொள்வார். வீட்டாரும் தூங்கட்டும் என்று கதவைச் சாத்துவார்கள். தாழ்சர்க்கரையில் மயங்கியவரை உறங்குகிறார் என்று நினைத்து விட்டுவிடுவதைவிடக் கொடிய தவறு வேறில்லை. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்தப் படபடப்பும் நடுக்கமும்கூட வெளியே தெரியாமல் போகலாம்.

2001ஆம் ஆண்டு ரமலானை வைத்து 13 நாடுகளில் 12,000க்கும் அதிகமான முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. எபிடியார் என்று அதற்குப் பெயர். முடிவுகள் 2004இல் வெளிவந்தன. பெரும்பாலும் சிறுவயதிலேயே வந்து இன்சுலின் ஊசியையே நம்பி வாழவேண்டிய முதல் வகை நோயாளிகளில் 43 சதவீதம் பேரும், இரண்டாம் வகை நோயாளிகளில் 79 சதவீதம் பேரும் அந்த மாதத்தில் 15 நாட்களுக்குக் குறையாமல் நோன்பு வைத்திருந்தார்கள். மருத்துவமனைக்குப் போகவேண்டிய அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்த நிகழ்வுகள் முதல் வகையினரிடம் 4.7 மடங்காகவும் இரண்டாம் வகையினரிடம் 7.5 மடங்காகவும் உயர்ந்திருந்தன. சர்க்கரை எல்லை மீறி ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் அந்த மாதத்தில் அதிகம். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. ஆகவே இது எங்கோ யாருக்கோ நேர்வதல்ல. ஒவ்வொரு முஸ்லிம் தெருவிலும், ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்திலும், ஸஹர் விரிப்பில் மாத்திரை டப்பாவோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

*

அந்த ஒருவர் எங்கள் வீட்டில் என் உம்மா. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருந்தன. ரமலானுக்கு முன் மருத்துவரிடம் கூட்டிப்போனபோது, “நோன்பெல்லாம் இனி வேண்டாம்மா” என்று அவர் சொன்னார். உம்மா தலையாட்டினார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும், “டாக்டர் சொல்லத்தான் செய்வாங்க வாப்பா. சின்னப் புள்ளையில புடிக்கத் தொடங்கின நோன்பு. மௌத்து வர்ற வரைக்கும் விடமாட்டேன்” என்றார். முதல் நோன்புக்கு எல்லோருக்கும் முன்பாக எழுந்து அடுப்பைப் பற்றவைத்ததும் அவர்தான்.

அந்த மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆபத்து என்று கண்டதை அவர் சொன்னார். உம்மாவைக் குறை சொல்லவும் மனமில்லை. அறுபது வருடமாக ஒரு மாதத்தின் பசியில் தன் இறைவனோடு பேசிவந்தவரை, அந்தப் பேச்சை ஒரு வாக்கியத்தில் நிறுத்தச் சொல்வது எளிதல்ல. ஆனால் ‘வேண்டாம்’ என்ற சொல்லோடு அந்த அறையில் உரையாடல் முடிந்துவிட்டது. அதையும் மீறி நோன்பு வைத்தால் எந்த மாத்திரையை எப்போது போடுவது, சர்க்கரை எவ்வளவு இறங்கினால் நோன்பை விடுவது என்று கேட்கும் வழியும் அத்தோடு அடைபட்டது. வேண்டாம் என்று சொன்னவரிடமே போய் ‘வைத்துவிட்டேன், இப்போது என்ன செய்ய’ என்று கேட்க எந்த நோயாளிக்கு வாய் வரும்? மறைத்து நோன்பு வைக்கிறார்கள். மறைத்து மாத்திரையைக் குறைக்கிறார்கள்.

மறுபக்கம், பள்ளிவாசலில் ஆலிமிடம் போனால், “டாக்டர் என்ன சொல்றாரோ அப்படிச் செய்யுங்க” என்பார். அவர் சொல்வதும் மார்க்கப்படி சரிதான். நோன்பைக் கைவிட நோயாளியின் சொந்த அனுபவமோ நம்பத்தகுந்த மருத்துவரின் சொல்லோ போதும் என்றே மார்க்கச் சட்டம் பேசும் ஃபிக்ஹு நூல்கள் வகுத்திருக்கின்றன. மருத்துவர் நோயைப் பார்க்கிறார், ஆலிம் சட்டத்தைப் பார்க்கிறார். இரண்டுக்கும் நடுவே, சமையற்கட்டில், பாங்கு சொல்வதற்குப் பத்து நிமிடம் இருக்கையில், கையில் மாத்திரைப் பட்டையோடு முடிவெடுப்பவர் நோயாளி. அவர் அங்கே தனியாக இருக்கிறார் என்பதுதான் என் கவலை.

*

நோன்பைக் கடமையாக்கிய வசனங்களிலேயே நோயாளியும் இருக்கிறார். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் நோன்பு கடமையானது. அல்பகரா அத்தியாயத்தின் 183ஆம் வசனம் நோன்பை விதிக்கிறது. அடுத்த வசனமே நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்கிறது, இயலாதவர் ஏழைக்கு உணவளிக்கும் பரிகாரத்தைச் சொல்கிறது. 185ஆம் வசனம் சலுகையை மறுபடியும் சொல்லி, இறைவன் நாடுவது உங்களுக்கு எளிமையையே, கஷ்டத்தையல்ல என்ற கருத்தைச் சேர்க்கிறது. மூன்று வசனங்களுக்குள் இரண்டு முறை. கட்டளையும் சலுகையும் ஒரே மூச்சில் வந்தவை. ஒன்றை இபாதத்தாகவும், அதாவது வணக்கமாகவும், மற்றதைக் குறைபாடாகவும் பிரித்தது நாம்தான்.

நபி(ஸல்) அவர்களின் வாழ்க்கை இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றிக்காகப் புறப்பட்டது ரமலான் மாதத்தில். வழியில் தோழர்கள் நோன்போடு வாடுவதை அறிந்ததும், எல்லோரும் பார்க்கும்படி தண்ணீர்ப் பாத்திரத்தை உயர்த்திப் பருகினார்கள். மறைவாகப் பருகியிருக்கலாம். பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பகிரங்கமாகப் பருகினார்கள். இன்னொரு பயணம். கடும் வெயில். நோன்பு வைத்திருந்தவர்கள் இறங்கிய இடத்தில் சாய்ந்துவிட்டார்கள். வைக்காதவர்கள் கூடாரம் அடித்து வாகன மிருகங்களுக்குத் தண்ணீர் காட்டினார்கள். இன்றைய நன்மையை நோன்பு வைக்காதவர்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்பதே நபியின் தீர்ப்பு. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரை அழைத்து, உன் உடலுக்கும் உன்மேல் உரிமை இருக்கிறது என்று உணர்த்தியதும் அவர்களே.

உடல் நமக்கு அமானிதமாகத் தரப்பட்டது என்று ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். ஒருவர் நம்மிடம் ஒப்படைத்துப்போன பொருளை அவர் சொன்ன விதத்தில்தான் பாதுகாக்க வேண்டும். நம் பக்தியை நிரூபிப்பதற்காக அதை உடைக்க நமக்கு உரிமையில்லை.

*

இந்த நியாயத்தை இன்றைய மருத்துவ அறிவோடு சேர்த்துப் பேசும் வேலையும் நடந்திருக்கிறது. சர்வதேச சர்க்கரை நோய்க் கூட்டமைப்பும், சர்க்கரை நோயும் ரமலானும் பற்றி ஆராயும் டார் அமைப்பும் சேர்ந்து 2016இல் வழிகாட்டி நூல் வெளியிட்டு, 2021இல் திருத்தின. எல்லோருக்கும் ஒரே விடை அதில் இல்லை. நோயின் வகை, எத்தனை வருடமாக இருக்கிறது, என்ன மருந்து, சிறுநீரகம் எப்படி, சர்க்கரை தாழ்வது தெரிகிறதா, உடலுழைப்பு எவ்வளவு, எத்தனை மணி நேர நோன்பு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். 3 வரை வந்தால் ஆபத்து குறைவு, 6ஐத் தாண்டினால் அதிகம். உணவாலும் மெட்ஃபார்மினாலும் மட்டுமே சர்க்கரை கட்டுக்குள் இருக்கிற, வேறு கோளாறு இல்லாதவர் பெரும்பாலும் தகுந்த ஆலோசனையோடு நோன்பு வைக்கலாம். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கும், சர்க்கரை தாழ்வதை உணர முடியாதவருக்கும், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ கண்டவருக்கும் நோன்பு ஆபத்து. ‘சர்க்கரை நோயாளி நோன்பு வைக்கக் கூடாது’ என்பதும் ‘அல்லாஹ் பார்த்துக்கொள்வான், வை’ என்பதும் ஆளைப் பார்க்காமல் சொல்லப்படுபவை.

மருந்து விஷயத்தில் பொதுவாக அறிந்துகொள்ள வேண்டியவை சில. மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அரிது. மூன்று வேளை சாப்பிட்டவருக்கு மதிய அளவை நோன்பு திறக்கும் வேளையோடு சேர்த்துத் தருவது வழக்கம். கிளிமிப்ரைடு போன்றவற்றின் முக்கிய அளவு நோன்பு திறக்கும்போது போகவேண்டும். ஸஹர் அளவு குறைய வேண்டும் அல்லது நிற்க வேண்டும். பழைய மருந்தான கிளிபென்கிளமைடு இந்த மாதத்தில் தவிர்க்கத்தக்கது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் கூடவே நீரையும் இழக்கவைப்பதால், நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றி, இரவில் தண்ணீரைக் கூட்டச் சொல்வார்கள். ரமலானுக்குச் சில நாட்கள் முன்னால் புதிதாகத் தொடங்கக் கூடாத மருந்து அது. நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினின் அளவைக் குறைத்து மாலைக்கு மாற்றுவார்கள். இரண்டு வேளை போடும் கலவை இன்சுலினில் காலை அளவு நோன்பு திறப்புக்கும், இரவு அளவு குறைக்கப்பட்டு ஸஹருக்கும் போகும். எவ்வளவு குறைப்பது என்பதை ஒவ்வொருவரின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவருடைய மருத்துவர்தான் சொல்ல முடியும்.

சர்க்கரைக்கு வெளியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர் அதை ஸஹரில் போட்டால் பகலில் தாகத்தாலும் தலைச்சுற்றலாலும் வாடுவார். அதை இரவுக்கு மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு வெறும் வயிறு தேவை. ஸஹர் உணவுக்கு அரை மணி நேரம் முன்போ, இரவு சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துப் படுக்கும்போதோ போடலாம். வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடுபவர் ஒரு வேளையைத் தவறவிட்டாலே ஆபத்து. போதாக்குறைக்குத் தூக்கம் கெடுவதும் வலிப்பைத் தூண்டும். தராவீஹ் என்ற இரவுத் தொழுகைக்கும் ஸஹருக்கும் நடுவே சிதறிப்போகும் தூக்கத்தை அவர் மருத்துவரிடம் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும்.

எது நோன்பை முறிக்கும், எது முறிக்காது என்ற குழப்பத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்கள் ஏராளம். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு போய்விடும் என்று நம்மில் பலர் இன்றும் நம்புகிறார்கள். முறியாது. ஜித்தாவில் 1997இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, ஊட்டச்சத்துக்காக ஏற்றப்படாத ஊசிகளும், பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதும், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையும் – கரைந்ததை விழுங்காத வரை – நோன்பை முறிப்பதில்லை என்று முடிவு சொன்னது. ஆகவே இன்சுலின் ஊசியால் நோன்பு போவதில்லை. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் இன்ஹேலர் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மத்ஹபுக்கேற்ப அவரவர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் மூச்சுத் திணறும்போது இன்ஹேலரை எடுப்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. உயிர் முதலில், நோன்பைப் பிறகு வேறு நாளில் நோற்றுக் களாச் செய்துகொள்ளலாம்.

ஒரு எல்லைக்கோடு எல்லா வீட்டுச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டியது. ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால், அல்லது 300ஐத் தாண்டினால், அந்த நிமிடமே நோன்பை விட வேண்டும். பாங்குக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றாலும் விட வேண்டும். தாழ்ந்திருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மிக உயர்ந்திருந்தால் தண்ணீர் குடித்துவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

*

பகலைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் மாலையைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். நோன்பு திறக்கும் விரிப்பை நினைத்துப்பாருங்கள். பேரீச்சம்பழம், கஞ்சி, வடை, சமோசா, பஜ்ஜி, கடற்பாசி, ரோஸ்மில்க், நன்னாரி சர்பத். மஃரிப் தொழுதுவிட்டு வந்தால் பரோட்டாவோ பிரியாணியோ. பகல் முழுவதும் தாழ்ந்துகொண்டே வந்த சர்க்கரை ஒரு மணி நேரத்தில் உச்சிக்கு ஏறுகிறது. ரமலான் முடிந்து எடை கூடியவர்களையும் நாம் பார்க்கிறோம்.

நம் நோன்புக் கஞ்சி நல்ல உணவு. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, புதினா, கொஞ்சம் கைமா, தேங்காய்ப்பால். நாள் முழுவதும் இழந்த நீரையும் உப்பையும் இதமாகத் திருப்பித் தருகிறது. அஸருக்குப் பிறகு தூக்குவாளியோடு பள்ளிவாசல் வாசலில் நிற்கும் வரிசையில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். தமிழக அரசு ஆண்டுதோறும் இதற்காகப் பள்ளிவாசல்களுக்கு அரிசி தருகிறது. குழைய வெந்த அரிசி சர்க்கரையை வேகமாக ஏற்றும் என்பது உண்மை. ஆனால் பருப்பும் வெந்தயமும் கறியும் அந்த வேகத்தை ஓரளவு தணிக்கின்றன. சர்க்கரை நோயாளி ஒரு சிறு கிண்ணம் கஞ்சியும் ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பைத் திறக்கலாம். அவருக்கு ஆபத்து பக்கத்துத் தட்டில் இருக்கிற எண்ணெய்ப் பண்டத்திலும் கண்ணாடி டம்ளரில் இருக்கிற சர்பத்திலும் இருக்கிறது.

ஸஹரை விடுவது இன்னொரு தவறு. தூக்கத்துக்காக இரவு பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுப் படுத்துவிடுபவர்கள் நோன்பை மூன்று நான்கு மணி நேரம் நீட்டிக்கொள்கிறார்கள். நோன்பு திறப்பதை விரைவுபடுத்துவதும் ஸஹரைப் பிற்படுத்துவதும் நபிவழி. சர்க்கரை நோயாளிக்கு இன்றைய மருத்துவர் சொல்வதும் அதுவேதான். கோதுமை, கேழ்வரகு, முட்டை, பயறு, காய் என்று மெல்லச் செரிப்பவை ஸஹரில் இருந்தால் பகல் தாங்கும். ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் தாகத்தைத்தான் கூட்டும்.

*

உடற்பயிற்சியை ரமலானுக்கு ஒரு மாதம் ஒத்திவைப்பவர்களும் உண்டு, நோன்பு திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது ஜிம்முக்குப் போய் எடை தூக்கும் இளைஞர்களும் உண்டு. உடலில் நீரும் சர்க்கரையும் மிகக் குறைந்திருக்கும் வேளை அது. ஆரோக்கியமானவர் அந்த நேரத்தில் மெதுவாக நடக்கலாம். கடும் பயிற்சி வேண்டுமென்றால் நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யலாம். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர் மாலை நடையைக் கட்டாயமாக இரவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரவில் நமக்கென்று ஒரு பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. இருபது ரக்அத் தராவீஹில் இருபது ருகூஉ, நாற்பது ஸஜ்தா, நீண்ட நிலைகள். மருத்துவ வழிகாட்டிகளே அதை உடலுழைப்புக் கணக்கில் சேர்க்கச் சொல்கின்றன. ஆகவே இன்சுலின் போட்டுக்கொண்டு தராவீஹுக்குப் போகிறவர் கிளம்பும் முன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வதும், தண்ணீர்ப் புட்டியையும் ஏதாவது இனிப்பையும் கையில் வைத்துக்கொள்வதும் நல்லது. முழங்கால் வலிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து தொழுவதால் தொழுகை குறைந்துபோகாது.

விளையாட்டு வீரர்களின் நிலை இன்னும் கடினம். 2012 லண்டன் ஒலிம்பிக் ரமலானில் வந்தது. முஸ்லிம் வீரர்களில் சிலர் நோற்றார்கள், சிலர் பயணிக்கான சலுகையைக் கொண்டு தள்ளிவைத்தார்கள். 2021 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றில் லெஸ்டர் அணியின் வெஸ்லி ஃபோஃபானா நோன்பு திறப்பதற்காக ஆட்டம் சில கணங்கள் நின்றது. எதிரணியின் இசைவோடு நடந்த அந்த இடைவெளி பின்னர் அங்கே வழக்கமாகிவிட்டது. 2025 மார்ச்சில் துபாயில் சாம்பியன்ஸ் கோப்பை கிரிக்கெட் அரையிறுதியில் வெயிலில் பந்து வீசிய இந்திய வீரர் முகமது ஷமி எல்லைக்கோட்டருகே நின்று ஒரு பானம் அருந்திய படம் வெளிவந்ததும், அவர் பாவம் செய்துவிட்டதாக இங்கே ஒரு மார்க்க அறிஞர் அறிக்கை விட்டார். அவர் பயணி என்று வேறு அறிஞர்கள் உடனே மறுத்தார்கள். எனக்கு அந்தச் சர்ச்சையில் வருத்தம் தந்தது ஒன்றுதான்: குர்ஆன் கொடுத்த அனுமதியை ஒரு மனிதர் பயன்படுத்தியதற்காகக் கோடிக்கணக்கானோர் முன்னால் அவர் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. தண்ணீர்ப் பாத்திரத்தை உயர்த்திப் பருகிய நபியின் உம்மத்தில் இது நடந்திருக்கக் கூடாது.

*

ஷமிக்கு நடந்தது பெரிய அளவில் நடந்தது. சிறிய அளவில் அது நம் வீடுகளில் தினமும் நடக்கிறது. ‘இன்னிக்கு நோன்பா?’ என்று தெருவில் கேட்கிறோம். அன்பாகத்தான் கேட்கிறோம். இல்லை என்று சொல்ல வேண்டியவர் படும் கூச்சத்தை நாம் காண்பதில்லை. பருவம் வந்த பெண்கள் மாதவிலக்கு நாட்களில் நோன்பு வைக்கக் கூடாது என்பது மார்க்கச் சட்டம். ஆனாலும் அந்த நாட்களில் அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அவசரமாக இரண்டு வாய் உண்கிறார்கள், சிலர் வீட்டு ஆண்களுக்குத் தெரியக்கூடாதென்று பட்டினியே கிடக்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சலுகை இருக்கிறது. அதைக் கேட்கத் துணிவில்லை. முதலில் எழுந்து கடைசியில் படுக்கும் அந்தப் பெண்களின் தூக்கத்தையும் மாத்திரையையும் யாரும் கேட்பதில்லை.

முதியவர்களின் துக்கம் வேறுவிதமானது. நோன்பு வைக்க முடியாத முதல் ரமலான் அவர்களுக்கு ஒரு இழப்பாக வருகிறது. ஒரு நாளுக்கு ஓர் ஏழையின் உணவு என்று ஃபித்யா கொடுத்துவிட்டால் கடமை நிறைவேறிவிடும் என்று சட்டம் சொல்கிறது. மனம் நிறைவதில்லை. என் உம்மா கடைசியில் நோன்பை விட ஒப்புக்கொண்டது எந்த மருத்துவரின் பயமுறுத்தலாலும் அல்ல. எங்கள் பள்ளிவாசலின் ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து, “அல்லாஹ் கொடுத்த சலுகையை வாங்கிக்கிறதும் இபாதத்துதான் உம்மா. நீங்க ஃபித்யா கொடுங்க, ஸஹருக்குப் புள்ளைங்களோட எழுந்து துஆச் செய்யுங்க, நோன்பு திறக்கும்போது அவங்களோடயே உக்காருங்க” என்று பொறுமையாகச் சொன்னபோதுதான். நோன்பு போனாலும் ரமலான் தன்னைவிட்டுப் போகவில்லை என்று அவருக்கு அப்போது தெளிந்தது. மருத்துவரின் எச்சரிக்கையும் ஆலிமின் சொல்லும் ஒரே வீட்டில் ஒன்றாகச் சேர்ந்தால்தான் இது நடக்கிறது.

அவை சேர முடியும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். 2021 ரமலான் கொரோனா தடுப்பூசிக் காலத்தில் வந்தது. ஊசி நோன்பை முறிக்காது என்று உலகெங்கும் உலமாக்கள் அறிவித்தார்கள். பல நாடுகளில் பள்ளிவாசல்களே தடுப்பூசி முகாம்களாயின. கொள்ளைநோய்க்குச் செய்ததை, ஆண்டுதோறும் வரும் மாதத்துக்கும் செய்யலாம்.

அதற்கான காலம் ரமலானுக்கு முந்தைய மாதங்களான ரஜபும் ஷஅபானும். மருந்தை மாற்றிப் பழகிப்பார்க்க ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. ஆகவே ரஜபின் முதல் பாதியிலேயே தொடங்கிவிடுவது மேல். அந்த மாதத்தின் ஒரு ஜும்ஆவில் ஆலிம் நோயாளியின் சலுகையைப் பற்றி மட்டும் பேசட்டும். அன்று மாலை ஜமாஅத் ஊரிலுள்ள மருத்துவரை அழைத்து, அவர் எந்த மதத்தவரானாலும், முகாம் நடத்தட்டும். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கட்டும். கஞ்சிக்கு நன்கொடை தருபவர்களில் சிலர் சர்க்கரை பார்க்கும் கருவியும் பட்டைகளும் வாங்கிக் கொடுக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீடு வீடாக மாத்திரை கொண்டுவரும் பணியாளர்களுக்கு, முஸ்லிம் வீடுகளில் ரமலானுக்கு முன் என்ன கேட்க வேண்டும் என்று அரசு பயிற்சி தரட்டும். மருத்துவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: ‘வைக்காதீர்கள்’ என்று சொல்ல வேண்டியிருந்தால் சொல்லுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாமல், ‘மீறி வைத்தால் இதைச் செய்யுங்கள், என்னிடம் மறைக்காதீர்கள்’ என்பதையும் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. நோயாளிக்கும் விலக்குள்ள பெண்ணுக்கும் பகலில் மறைக்காத ஒரு தட்டு வையுங்கள். யாரிடமும் நோன்பா என்று கேட்காதீர்கள். மாலையில் பாங்கு சொன்னதும் நோன்பு வைத்தவரையும் வைக்க முடியாதவரையும் ஒரே விரிப்பில் உட்காரவையுங்கள்.